மகேஷ் பாபு: ஒன்பது சிறுவர் படங்கள், ஒன்பது வருட இடைவெளி, அப்புறம் கதாநாயகன் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘கில்லி’யையும் ‘போக்கிரி’யையும் வசனம் வசனமாக ஒப்பிக்கிறவர்கள் நம்மில் நிறைய பேர் உண்டு. அந்த இரண்டு கதைகளிலும் முதலில் தெலுங்கில் நடித்தவர் சென்னையில் பிறந்து, சென்னையிலேயே பள்ளியும் கல்லூரியும் முடித்தவர் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மகேஷ் பாபுவைப் பற்றித் தமிழ் ரசிகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பக்கம்.

அவர் நிஜமாகவே சென்னைக்காரரா?

ஆமாம். 1975 ஆகஸ்ட் 9 அன்று மதராஸில் பிறந்தார். அப்பா, தெலுங்கின் ‘சூப்பர் ஸ்டார்’ கிருஷ்ணா. அம்மா இந்திரா தேவி. ஐந்து பிள்ளைகளில் இவர் நான்காமவர். குடும்பத்தின் பூர்வீகம் குண்டூர் பக்கம், தெனாலிக்கு அருகில் உள்ள புர்ரிபாலெம் என்ற கிராமம்.

மதராஸில் பிறந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அன்றைக்குத் தெலுங்கு சினிமாவே இங்கேதான் இருந்தது. ஸ்டுடியோ, லேப், பாட்டு ரெக்கார்டிங் எல்லாம் கோடம்பாக்கம், வடபழனி வட்டாரத்தில். தெலுங்கு நட்சத்திரங்களின் வீடுகள் தி.நகரில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தார்கள். கிருஷ்ணாவும் அங்கே பத்மாலயா ஸ்டுடியோவைக் கட்டினார். ஆனால் மகேஷ் வளர்ந்ததெல்லாம் சென்னையில், பெரும்பாலும் அம்மா வழிப் பாட்டியின் கவனிப்பில்.

படித்தது சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில். நடிகர் கார்த்தியும் அந்தப் பள்ளியில் படித்தவர். அப்புறம் லயோலா கல்லூரியில் பி.காம். சூர்யாவும் அதே லயோலாவில் அதே பி.காம். படித்தவர்தான். விஜய்யும் லயோலாவில் சேர்ந்து பாதியில் விட்டவர். பின்னாளில் தென்னிந்தியத் திரையரங்குகளைப் பங்கு போட்டுக்கொண்ட மூன்று பேர் ஒரே கல்லூரியின் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

முதன்முதலாகக் கேமரா முன்னால் வந்தது எப்போது?

1979-ல் வந்த ‘நீட’ படத்தில். தெலுங்கில் ‘நீட’ என்றால் நிழல். தாசரி நாராயண ராவ் இயக்கிய படம். அதில் நடித்தது அண்ணன் ரமேஷ் பாபு. அண்ணனின் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போன நாலு வயதுப் பையனை வைத்து தாசரி சில காட்சிகளை எடுத்துப் படத்தில் சேர்த்துவிட்டார். அதை நடிப்பு என்று சொல்ல முடியாது. கணக்குக்கு அதுதான் முதல் படம்.

சிறுவனாக எத்தனை படங்களில் நடித்தார்?

‘நீட’வையும் சேர்த்து ஒன்பது. ஒழுங்கான வேடம் கிடைத்தது 1983-ல், கோடி ராமகிருஷ்ணா இயக்கிய ‘போராட்டம்’ படத்தில். அதில் அப்பா கிருஷ்ணாவுக்குத் தம்பியாக வந்தார். அதன் பிறகு நாலு வருடம் எதுவும் இல்லை. 1987-ல் ‘சங்காராவம்’, 1988-ல் ‘பஜார் ரவுடி’யும் ‘முக்குரு கொடுகுலு’வும், 1989-ல் ‘கூடச்சாரி 117’-ம் ‘கொடுகு தித்தின காபுர’மும், 1990-ல் ‘பாலசந்துருடு’, ‘அன்ன தம்முடு’.

பட்டியலைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். இது ஏறக்குறைய ஒரு வீட்டுத் தொழில். ‘சங்காராவம்’, ‘முக்குரு கொடுகுலு’, ‘கொடுகு தித்தின காபுரம்’, ‘அன்ன தம்முடு’ எல்லாவற்றையும் கிருஷ்ணாவே இயக்கினார். ‘பஜார் ரவுடி’யின் நாயகன் அண்ணன் ரமேஷ் பாபு. ‘முக்குரு கொடுகுலு’ என்றால் மூன்று மகன்கள். அந்த மூன்று பேராக நடித்தது கிருஷ்ணா, ரமேஷ், மகேஷ். அதாவது அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் திரையில் அண்ணன் தம்பிகள்! நம்ம ஊர்ப் படங்களில் இதைவிடப் பெரிய உறவுக் குழப்பங்களை எல்லாம் பார்த்தாகிவிட்டது, அதனால் இதற்குச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

அந்தப் படங்களில் எதையாவது இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க முடியுமா?

ஒன்றே ஒன்று என்றால் ‘கொடுகு தித்தின காபுரம்’. ‘மகன் சரிசெய்த குடும்பம்’ என்று தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். கிருஷ்ணாவும் விஜயசாந்தியும் கணவன் மனைவி. பதினான்கு வயதுக்குள் மகேஷுக்கு அதில் இரட்டை வேடம். சண்டை, நடனம், அழுகை என ஒரு முழு நாயகனின் வேலையைச் சின்னப் பையனிடம் வாங்கியிருப்பார்கள்.

எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தப் பையன் பையனாக நடிக்கவில்லை, பெரிய ஹீரோவின் சின்ன அளவுப் பிரதியாக நடிக்கிறான். எண்பதுகளின் குழந்தை நட்சத்திரங்கள் பலரையும் அப்படித்தான் ஆட வைத்தார்கள். இன்றைய மகேஷின் அடையாளமான அந்த அடங்கிய நடிப்பு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வசனத்தைப் போட்டுவிட்டுப் போகும் பாணி, அந்தப் படங்களில் துளிகூடக் கிடையாது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது 1990-ல் ஏன் நிறுத்தினார்?

படிப்புக்காக. பள்ளியை முடி, பட்டம் வாங்கு, அப்புறம் சினிமா என்பது அப்பாவின் முடிவு. அடுத்த ஒன்பது வருடம் திரையில் ஆள் இல்லை.

அவருடைய சினிமா வாழ்க்கையில் எது முக்கியமான கட்டம் என்று கேட்டால், இந்தப் படமே இல்லாத ஒன்பது வருடத்தைத்தான் நான் சொல்வேன். பதினைந்து வயதில் ஒரு குழந்தை நட்சத்திரத்துக்கு வருவது மோசமான காலம். குரல் உடையும், மீசை அரும்பும், சின்னவனாகவும் காட்ட முடியாது, பெரியவனாகவும் காட்ட முடியாது. அந்த அரைகுறைப் பருவத்தை ரசிகர்கள் பார்க்கவே இல்லை. ஆந்திராவில் கிருஷ்ணாவின் மகன் தெருவில் நடந்து போயிருக்க முடியாது. சென்னையில் பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் பெரிய கூட்டம் கூடியிருக்காது. அந்த நிம்மதி அவருக்குக் கிடைத்தது. 1999-ல் திரும்பி வந்தபோது, தெலுங்கு ரசிகர்கள் பழைய சின்னப் பையனின் நினைப்போடு ஒரு புது ஆளைப் பார்த்தார்கள்.

அண்ணன் ரமேஷ் பாபு என்ன ஆனார்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் தம்பியின் கதையைப் பேசக் கூடாது. ரமேஷும் குழந்தை நட்சத்திரம்தான். கிருஷ்ணாவின் புகழ்பெற்ற ‘அல்லூரி சீதாராம ராஜு’ (1974) படத்தில் சிறுவயது ராஜுவாக வந்தவர் அவர். 1987-ல் ‘சாம்ராட்’ மூலம் கதாநாயகன் ஆனார். அதே அப்பா, அதே பேனர், அதே ரசிகர் கூட்டம். ஆனால் நிலைக்கவில்லை. தொண்ணூறுகளிலேயே நடிப்பை விட்டுவிட்டுத் தயாரிப்புக்குப் போனார். தம்பியை வைத்து ‘அர்ஜுன்’, ‘அதிதி’ படங்களைத் தயாரித்தது அவர்தான். 2022 ஜனவரியில் காலமானார். அதே வருடம் செப்டம்பரில் அம்மா, நவம்பரில் அப்பா. ஒரே வருடத்தில் மகேஷுக்கு மூன்று இழப்புகள்.

வாரிசு என்றால் வெற்றி தானாக வந்துவிடும் என்று பேசுகிறவர்களுக்கு நான் ரமேஷ் பாபுவைத்தான் காட்டுவேன்.

தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சென்னையில் படித்ததால் பேச்சுத் தெலுங்கு வீட்டில் வந்தது, எழுத்து வரவில்லை. வசனத்தை யாராவது படித்துச் சொல்ல, காதால் வாங்கி மனப்பாடம் செய்து பேசுவார். எழுத்தாளர்-இயக்குநர் திரிவிக்ரம் எழுதும் பக்க நீள வசனங்களைக்கூட இப்படித்தான் பேசியிருக்கிறார் என்று நினைத்தால் கொஞ்சம் பிரமிப்பாக இருக்கிறது. வசனத்தின் தாளம் அவரிடம் பிசகாமல் இருப்பதற்கு, கண்ணால் படிக்காமல் காதால் வாங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கதாநாயகன் ஆவதற்கு ஏதாவது பயிற்சி எடுத்தாரா?

பட்டம் வாங்கியதும் விசாகப்பட்டினம் போய் சத்யானந்த்திடம் சில மாதங்கள் நடிப்பு கற்றுக்கொண்டார். பவன் கல்யாணுக்கும் பிரபாஸுக்கும் பயிற்சி கொடுத்தவர் அவரே.

நாயகனாக முதல் படம் எது? எப்படி ஓடியது?

1999 ஜூலை 30 அன்று வந்த ‘ராஜகுமாருடு’. தயாரிப்பு அஸ்வனி தத், இயக்கம் கே.ராகவேந்திர ராவ், ஜோடி ப்ரீத்தி ஜிந்தா, இசை மணிசர்மா. நட்சத்திர வீட்டுப் பிள்ளைகளை அறிமுகம் செய்ய ராகவேந்திர ராவைத் தேடிப் போவது தெலுங்கில் ஒரு வழக்கம். வெங்கடேஷின் முதல் தெலுங்குப் படமும் அல்லு அர்ஜுன் நாயகனான முதல் படமும் அவர் கையால் வந்தவைதான்.

படம் நன்றாக ஓடியது. சிறந்த அறிமுக நடிகருக்கான நந்தி விருதும் கிடைத்தது. நந்தி என்பது ஆந்திர அரசு கொடுத்துவந்த திரைப்பட விருது. ‘பிரின்ஸ்’ என்ற பட்டமும் அப்போது ஒட்டிக்கொண்டது. அப்பாவின் ‘சூப்பர் ஸ்டார்’ பட்டம் பெயருக்கு முன்னால் வர இன்னும் சில வருடம் ஆனது.

அதன் பிறகு ஏறுமுகம்தானே?

இல்லை. 2000-ல் வந்த ‘யுவராஜு’ சுமார், ‘வம்சி’ தோல்வி. ‘வம்சி’யில் கிடைத்த ஒரே லாபம், ஜோடியாக நடித்த நம்ரதா ஷிரோத்கர். 2005-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

நடிகராக அவரை எல்லோரும் ஒப்புக்கொண்டது 2001-ல், கிருஷ்ண வம்சியின் ‘முராரி’யில். ஒரு குடும்பத்தின் மீது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் தெய்வச் சாபம், அதற்கு இலக்காகும் செல்லப் பிள்ளை, சுற்றிலும் வீடு நிறைய உறவுகள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே மகேஷ் சும்மா நின்றாலே போதும் என்று இயக்குநர் விட்டுவிட்டார். மேலே சொன்ன அந்த அடங்கிய பாணி முதலில் தெரிந்தது இங்கேதான்.

அடுத்த வருடம் ‘டக்கரி தொங்க’ என்று ஒரு கௌபாய் படம். அப்பா கிருஷ்ணா 1971-ல் ‘மோசகாள்ளக்கு மோசகாடு’ மூலம் தெலுங்கில் கௌபாய் படங்களைத் தொடங்கி வைத்தவர். மகனும் குதிரை ஏறிப் பார்த்தார். பெரிதாக ஓடவில்லை. பிறகு ‘பாபி’, அதுவும் தோல்வி.

பெரிய நட்சத்திரம் ஆக்கிய படம் எது?

‘ஒக்கடு’. 2003 பொங்கல் சமயத்தில், தெலுங்கில் சொன்னால் சங்கராந்திக்கு வந்தது. குணசேகர் இயக்கம், எம்.எஸ்.ராஜு தயாரிப்பு. ‘ஒக்கடு’ என்றால் ‘ஒருவன்’. ஹைதராபாத் பழைய நகரத்துக் கபடி வீரன் கர்னூலுக்குப் போகிறான், அங்கே வில்லன் ஓபுல் ரெட்டியிடம் மாட்டிக்கொண்ட பெண்ணைக் காப்பாற்றித் தன் ஊருக்கு அழைத்து வருகிறான். படத்துக்காகச் சார்மினாரையே செட்டாகப் போட்டார்கள்.

மீதிக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. 2004-ல் தரணி அதைக் ‘கில்லி’யாக எடுத்தார். கர்னூல் மதுரை ஆனது, ஓபுல் ரெட்டி முத்துப்பாண்டி ஆனார், சார்மினார் இருந்த இடத்துக்குக் கலங்கரை விளக்கம் வந்தது. பிரகாஷ்ராஜ் மட்டும் இரண்டிலும் அவரே.

‘ஒக்கடு’ உசத்தியா, ‘கில்லி’ உசத்தியா?

இதற்குப் பதில் சொன்னால் ஒரு பக்கம் கட்டாயம் அடி விழும். சரி, சொல்லிவிடுகிறேன். வேகத்தில், நகைச்சுவையில், பாட்டில் ‘கில்லி’. காதல் வளர்வதிலும், பழைய நகரத்துச் சந்து, மாடி, கோட்டைச் சுவர் என இடத்தைக் கதைக்குள் கொண்டுவந்ததிலும் ‘ஒக்கடு’. விஜய் அந்தப் பாத்திரத்தைத் துள்ளலாகச் செய்தார், மகேஷ் கொஞ்சம் உள்ளடக்கிச் செய்தார். ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்த்தால் இரண்டு பேரின் கைப்பக்குவமும் தனித்தனியாகத் தெரியும்.

எஸ்.ஜே.சூர்யா இவரை வைத்துப் படம் எடுத்தாராமே?

எடுத்தார், ‘நானி’ (2004). நாம் ‘நியூ’ என்று பார்த்த கதைதான். எட்டு வயதுச் சிறுவன் ஒரே இரவில் இருபத்தெட்டு வயது இளைஞனாகிவிடுவான். தமிழில் அந்த வேடத்தை எஸ்.ஜே.சூர்யாவே செய்தார், தெலுங்கில் மகேஷ். தயாரித்தது அக்கா மஞ்சுளா, இசை ஏ.ஆர்.ரஹ்மான், ஜோடி அமிஷா படேல்.

சிறுவயதில் பெரியவன் போல ஆட வைக்கப்பட்ட ஒரு நடிகர், இருபத்தெட்டு வயதில் பெரியவன் உடம்புக்குள் இருக்கும் சின்னப் பையனாக நடிக்கிறார். எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே இந்தத் திருப்பம்தான். பள்ளிப் பையனின் திருட்டு முழியும் அம்மாவைத் தேடும் பதற்றமும் அவருக்கு அழகாக வந்தன. ஆனால் அந்தக் கதையில் இருக்கும் இரட்டை அர்த்தச் சமாச்சாரங்களை அவருடைய குடும்ப ரசிகர்கள் ஏற்கவில்லை. படம் விழுந்தது.

‘அதடு’, ‘போக்கிரி’ பற்றிச் சொல்லுங்கள்.

இரண்டும் பத்து மாத இடைவெளிக்குள் வந்தவை. 2005 ஆகஸ்டில் திரிவிக்ரமின் ‘அதடு’, ஜோடி த்ரிஷா. கூலிக்குக் கொலை செய்பவன் வேறொருவன் பெயரில் ஒரு கிராமத்து வீட்டுக்குள் நுழைந்து, அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகிப்போகும் கதை. தமிழில் ‘நந்து’ என்று டப்பிங்கில் வந்தது. தெலுங்கு வீடுகளில் தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டாலும் சேனல் மாற்றாத படம். அவரிடம் நான் பார்த்ததில் சிறந்த நடிப்பும் இதுதான்.

2006 ஏப்ரலில் பூரி ஜெகன்நாத்தின் ‘போக்கிரி’. அன்றைய தேதியில் தெலுங்கில் மிக அதிகம் வசூலித்த படம் ஆனது. அடுத்த பொங்கலுக்கே பிரபுதேவா அதைத் தமிழில் விஜய்யை வைத்து எடுத்துவிட்டார். 2009-ல் இந்தியில் சல்மான் கானுக்கு ‘வாண்டட்’. அப்புறம் ஒரு சுவாரசியம்: 2022 ஆகஸ்டில் மகேஷின் பிறந்த நாளுக்கு ரசிகர்கள் ‘போக்கிரி’யைத் திரையரங்குகளில் மறுபடி ஓட்டினார்கள். கூட்டம் அள்ளியது. தெலுங்கில் பழைய படங்களின் மறுவெளியீட்டு மோகம் வேகம் பிடித்தது அதற்குப் பிறகுதான்.

நடுவில் கொஞ்ச காலம் காணாமல் போனாரே?

‘போக்கிரி’க்குப் பிறகு ‘சைனிகுடு’, ‘அதிதி’ இரண்டும் தோல்வி. 2007 அக்டோபருக்கும் 2010 அக்டோபருக்கும் நடுவில் ஒரு படம்கூட வரவில்லை. திரும்பி வந்த ‘கலேஜா’வும் திரையரங்கில் ஓடவில்லை. ஆனால் பிறகு தொலைக்காட்சியில் ரசிகர்கள் அதைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அவருக்கு இவ்வளவு நன்றாகக் காமெடி வரும் என்பதை நிறையப் பேர் கண்டுகொண்டது அதில்தான். அதை அடுத்த வருடமே ஸ்ரீனு வைட்லா ‘தூக்குடு’வில் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார், பெரிய வெற்றி.

தமிழில் நேரடியாக நடித்தது ஒரே படம்தானா?

ஒன்றுதான். 2017 செப்டம்பரில் ஏ.ஆர்.முருகதாஸ் இரண்டு மொழியிலும் எடுத்த ‘ஸ்பைடர்’. தமிழுக்கும் அவரே குரல் கொடுத்தார். டப்பிங் வாடை இல்லாத சென்னைத் தமிழ். வில்லன் யார் தெரியுமா? ‘நானி’யை இயக்கிய அதே எஸ்.ஜே.சூர்யா. படம் எதிர்பார்த்தபடி போகவில்லை, பேர் வாங்கியதும் வில்லன்தான்.

நாற்பது வயதுக்கு மேல் வந்த இந்தத் தமிழ்ப் பிரவேசம் பத்து வருடம் தாமதம் என்பது என் எண்ணம். ‘கில்லி’க்கும் ‘போக்கிரி’க்கும் முன்னால் வந்திருந்தால் கதை வேறு. அந்தப் படங்கள் வந்த பிறகு, அவருடைய பாத்திரங்களை நாம் விஜய் முகத்தோடு மனதில் பதித்துக்கொண்டுவிட்டோம்.

விருதுகள்?

சிறந்த நடிகருக்கான நந்தி நாலு முறை: ‘நிஜம்’, ‘அதடு’, ‘தூக்குடு’, ‘ஸ்ரீமந்துடு’. அறிமுக விருதையும் சிறப்பு நடுவர் விருதுகளையும் சேர்த்தால் நந்தி மட்டும் எட்டு.

‘ஸ்ரீமந்துடு’ பார்த்துவிட்டு ஊரைத் தத்தெடுத்தார் என்பது விளம்பரமா?

2015-ல் வந்த அந்தப் படத்தின் கதை, பணக்காரப் பிள்ளை ஒருவன் பூர்வீகக் கிராமத்தைத் தத்தெடுப்பது. படம் வந்த கையோடு அப்பாவின் ஊரான புர்ரிபாலெத்தையும் தெலங்கானாவில் சித்தாபுரம் என்ற கிராமத்தையும் எடுத்துக்கொண்டார். படத்துக்கு அது உதவியிருக்கும், மறுக்க முடியாது. ஆனால் அப்பாவின் கிராமத்துக்குத்தானே செய்தார், செய்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாம் தலைமுறையும் குழந்தை நட்சத்திரமா?

மகன் கௌதம் ஒரே ஒரு படத்தில் வந்தான், சுகுமாரின் ‘1: நேனொக்கடினே’ (2014). பெற்றோர் யார் என்ற நினைவே சிதைந்துபோன ஒருவன் தன் சிறுவயதைத் தேடிப் போகும் கதை. அந்தச் சிறுவயது நாயகனாக நடித்தது கௌதம். கிருஷ்ணா காலத்தைப் போல வரிசையாகப் படம் செய்ய விடவில்லை, ஒன்றோடு நிறுத்திவிட்டார்கள். அப்பா தனக்குச் செய்ததைத் தன் பிள்ளைக்குக் கொஞ்சம் முன்னதாகவே செய்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

வேறு எந்தத் தெலுங்குக் குழந்தை நட்சத்திரங்கள் நாயகன் ஆனார்கள்?

பலர். நமக்கு நெருக்கமானவர் தருண். ‘அஞ்சலி’யில் அண்ணனாக வந்து தேசிய விருது வாங்கிய பையன், 2000-ல் ‘நுவ்வே காவாலி’ மூலம் தெலுங்கில் நாயகன். ஜூனியர் என்.டி.ஆர். 1997-ல் சிறுவர்களை மட்டும் வைத்து எடுத்த ‘ராமாயண’த்தில் ராமன். அதை இயக்கியதும் ‘ஒக்கடு’ குணசேகர்தான். சிரஞ்சீவி படங்களில் சின்னப் பையனாக வந்த தேஜா சஜ்ஜா இன்று ‘ஹனுமான்’ நாயகன்.

இதுவரை நாயகனாக எத்தனை படங்கள்? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

2024 ஜனவரியில் வந்த ‘குண்டூர் காரம்’ வரை இருபத்தெட்டு. இருபத்தொன்பதாவது ராஜமௌலியின் ‘வாரணாசி’.

முதலில் ‘அதடு’ பாருங்கள், அப்புறம் ‘முராரி’. ‘ஒக்கடு’வைக் ‘கில்லி’ ஞாபகம் கொஞ்சம் மங்கிய ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டும் என்றால் ‘கலேஜா’, ஆனால் டப்பிங்கில் வேண்டாம், தெலுங்கிலேயே பாருங்கள். கடைசியாக நேரம் இருந்தால் ‘கொடுகு தித்தின காபுர’த்தில் அந்தச் சின்னப் பையன் சண்டை போடும் ஒரு காட்சி போதும்.